இருகல மயக்கம்: அலாஸ்கா செல்வோர் கப்பல் தெரியும் இலக்கணம்

அலாஸ்காவுக்குக் கப்பலேறுவோரைப் பிடிக்கும் நோய்கள் இரண்டு. தலைசுற்றலும் குமட்டலுமாக வருவது ஒன்று. கப்பல் ஆடும்போது வரும், மாத்திரையில் அடங்கும். மற்றது முன்பணம் கட்டுவதற்கும் முன்பே, பயணத்துக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கும்போதே தொடங்கிவிடும். ஹாலந்து அமெரிக்கா நிறுவனக் கப்பலில் போவதா, பிரின்சஸ் நிறுவனக் கப்பலில் போவதா என்பது அந்நோய். இது புகுந்த சியாட்டில் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மகன் ஒரு கட்சி, மருமகள் எதிர்க்கட்சி. கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர், "எதுல போனா என்னப்பா, ரெண்டும் தண்ணியிலதானே போகுது?" என்று உண்மையைச் சொல்லி இரு தரப்பிலும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

இச்சிக்கலைப் பிற நாட்டார் விலைப்பட்டியல் கொண்டு தீர்க்க முயல்கின்றனர். விலையோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நிலையாத பொருளின்மேல் இலக்கணம் கட்டுவது நம் மரபன்று. ஆகவே முதல், கரு, உரி என்னும் பழைய அளவுகோல்கள் மூன்றையுமே இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்டோம். நூற்பா இல்லாமல் உரை எழுதுவது முறையாகாது என்பதால் அதையும் நாமே இயற்றிக்கொண்டோம்:

ஒருவன் உடைமை இருகலம் ஆயின்
தெரிவெனப் படுவது திண்டாட் டம்மே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், முதலாளி ஒன்றாய் நிற்கக் கப்பல் இரண்டாய்த் தோன்றுவதால் வரும் மயக்கம் உணர்த்துதல் நுதலிற்று. 'ஒருவன்' என்றது மயாமியில் வீற்றிருக்கும் கார்னிவல் நிறுவனத்தை. ஹாலந்து அமெரிக்காவும் அவருடையது, பிரின்சஸும் அவருடையது. இதனை அறியாமல் இரு கட்சி கட்டுவோர் உளர். அறிந்தும் கட்டுவோர் அவரினும் பலர்.

குடிப்பிறப்பு ஆராயாமல் பெண்ணெடுப்பதில்லை என்பதால் இரண்டின் குடியையும் சிறிது ஆராய்வோம். ஹாலந்து அமெரிக்கா 1873இல் ராட்டர்டாமில் தொடங்கிய நிறுவனம். ஐரோப்பாவில் பிழைக்க வழியில்லாமல் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஏழைக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது அதன் பழந்தொழில். ஒருவழிச் சீட்டெடுத்துக் கீழ்த்தளத்தில் முடங்கிக் கிடந்தவர்களைச் சுமந்த அந்தக் கொடியின் கீழ்தான் இன்று ஓய்வுபெற்ற பல் மருத்துவர்கள் மாடத்தில் சாய்ந்து காப்பி குடிக்கிறார்கள். விமானம் வந்து அட்லாண்டிக் கப்பல் தொழிலை விழுங்கியபின் உல்லாசப் பயணத்துக்கு மாறி, 1989இல் கார்னிவலிடம் சேர்ந்தது.

பிரின்சஸின் கதை வேறு. ஸ்டான்லி மெக்டொனால்ட் என்ற சியாட்டில்காரர் 1965இல் தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கப்பலே இல்லை. கோடையில் அலாஸ்கா போய்வந்துவிட்டுக் குளிர்காலத்தில் வேலையின்றி நிற்கும் 'பிரின்சஸ் பட்ரீஷியா'வைக் கனடியன் பசிபிக் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து, மெக்சிகோவுக்கு ஓட்டினார். வாடகைக் கப்பலின் பெயரே வம்சத்தின் பெயராயிற்று. 1974இல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டன் கப்பல் நிறுவனம் வாங்கியது. 1977இல் 'தி லவ் போட்' என்ற தொலைக்காட்சித் தொடர் 'பசிபிக் பிரின்சஸ்' கப்பலை வீட்டுக்கு வீடு கொண்டு போய் நிறுத்தியது. பிறகு 2001இல் ராயல் கரீபியன் என்ற போட்டி நிறுவனத்தோடு நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றிய கை உலர்வதற்குள் கார்னிவல் பந்தலில் புகுந்து கூடுதல் சீர் பேச, 2003இல் கல்யாணம் கார்னிவலோடு முடிந்தது.

ஆக, ஒருத்தி 1989இலும் மற்றவள் 2003இலும் வந்து சேர்ந்தது ஒரே வீடு. இதன் விளைவுகளைக் களத்தில் காணலாம். சியாட்டிலில் இரண்டும் புறப்படுவது 91ஆம் எண் துறையிலிருந்து. டெனாலி தேசியப் பூங்காவின் வாயிலில், நெனானா ஆற்றங்கரையில், இருவருக்கும் தனித்தனியே விடுதி உண்டு. அலாஸ்கா ரயிலில் இருவருக்கும் கண்ணாடிக் கூரை போட்ட தனிப்பெட்டிகள் உண்டு. பெட்டியின் நிறத்தைச் சொல்லிப் பெருமைப்படுவோர் முன்னால் இழுக்கும் எஞ்சின் யாருடையது என்று பார்ப்பதில்லை. அது இருவருடையதுமன்று, அலாஸ்கா ரயில்வேயினுடையது.

இனி முதற்பொருள். அது நிலமும் பொழுதும் என இருவகைப்படும். வியப்பு என்னவெனில், நிறுவனங்கள் இரண்டும் நம் பொருளதிகாரத்தைப் படித்துவிட்டு ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டது போல நடந்துகொள்கின்றன. ஹாலந்து அமெரிக்கா பொழுதை எடுத்துக்கொண்டது. அதன் கப்பல்களில் லிஃப்டுக்குள் நுழைந்து குனிந்து பார்த்தால் தரைவிரிப்பில் கிழமை எழுதியிருக்கும். புதன் என்றால் புதன். நள்ளிரவில் ஓர் ஊழியர் வந்து புதனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வியாழனை விரித்துவிட்டுப் போவார். அலுவலகம் இல்லை, பள்ளி இல்லை, குப்பை வண்டி வரும் நாள் இல்லை. நடுக்கடலில் கிழமை என்பதற்கு வேறு ஆதாரமே கிடையாது. எனவே அங்கே காலம் என்பது காலால் மிதித்து அறியப்படும் பொருள். தத்துவ நூலார் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை அடுக்கியபோது இந்தப் பாத அளவையை விட்டுவிட்டது பெருங்குறை.

பிரின்சஸ் எடுத்துக்கொண்டது நிலம். அங்கே ஏறும் ஒவ்வொருவருக்கும் நாணயம் போன்ற ஒரு வில்லை தருவார்கள், பெயர் மெடாலியன். கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ள வேண்டும். அறைக் கதவை நெருங்கினால் பூட்டு தானே திறக்கும். எங்கே உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு கேட்டாலும் நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து தருவார்கள். சூதாட்டக் கூடத்தின் பக்கம் ஒதுங்கிய கணவரை மனைவி தன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கலாம். குடும்பத்துக்கு நல்லது என்கிறார்கள் சிலர். இந்தக் கருத்தைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும்.

தன் பொழுது அறியாதவர் ஹாலந்து அமெரிக்காவிலும், தன் இடம் அறியாதவர் பிரின்சஸிலும் பயணம் செய்க என்பது இதனால் பெறப்படும். இரண்டும் அறியாதவர் வீட்டிலேயே இருப்பது நலம்.

இவ்விடத்துத் தடை ஒன்று எழும். ஐந்திணையுள் அலாஸ்கா எதில் அடங்கும்? கடல் இருப்பதால் நெய்தல் எனின், கரையெல்லாம் மலையும் தேவதாருக் காடும். மலை இருப்பதால் குறிஞ்சி எனின், மலையிலிருந்து இறங்கி வருவது அருவியன்று, பனிக்கட்டி ஆறு. தமிழ் இலக்கணத்தில் பனி நிலமாக வருவதே இல்லை. முன்பனி, பின்பனி எனப் பொழுதாகவே வரும். அலாஸ்காவிலோ பொழுது உறைந்து நிலமாகிவிட்டது. பிறகு அந்த நிலம் உருகி மறுபடி பொழுதாகிறது. இதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. 1794இல் வான்கூவர் என்ற கடலோடியின் குழுவினர் அலாஸ்காவின் கிளேசியர் பே பக்கம் வந்தபோது, விரிகுடா என்று சொல்ல அங்கே அதிகமில்லை; வாயிலுக்குச் சற்று உள்ளேவரை பனி அடைத்துக்கொண்டிருந்தது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் டிலிங்கிட் பழங்குடித் துணைவர்களோடு படகில் வந்தபோது பனி பல மைல்கள் பின்வாங்கியிருந்தது. 1916 வாக்கில் வாயிலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. நம் இரு கப்பல்களும் இன்று மிதந்து செல்லும் இடம் ஏறத்தாழ முழுவதும் வான்கூவர் காலத்தில் திண்ணிய பனி. ஹூனா டிலிங்கிட் மக்களின் ஊர்கள் அதற்கும் முன்பு அங்கே இருந்தன. முன்னேறி வந்த பனி அவர்களை விரட்டியது. அவர்களுக்கு அது காணச் சென்ற காட்சி அல்ல, விட்டு வந்த வீடு.

இந்த கிளேசியர் பேயில்தான் கட்சி வேறுபாடு முற்றிலும் கரைகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்பது தேசியப் பூங்காவின் விதி. அந்த அனுமதிகளில் பெரும்பங்கு நம் நிறுவனங்கள் இரண்டிடமும் இருக்கிறது. எந்தக் கப்பலானாலும் காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏறுவார்கள். அதே தொப்பி, அதே சீருடை. ஒலிபெருக்கியில் அதே திமிங்கிலம், அதே கடற்சிங்கம். பிறகு மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும். அகலம் ஒரு மைல், நீளம் 21 மைல், நீருக்கு மேலே 250 அடி நீலச் சுவர். அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழும். முதலில் காட்சி, பிறகுதான் ஓசை. அப்போது தளத்தில் நிற்பவரிடம் போய் நீங்கள் எந்த நிறுவனத்தில் வந்தீர்கள் என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

இனிக் கருப்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள் எனத் தொடரும் அவ்வரிசையில் எல்லாவற்றையும் விரித்தால் கட்டுரை பெருகும். தெய்வம் இரு கப்பலிலும் கேப்டனே. புள் இரு கப்பலுக்கும் பொதுவான வெண்டலைக் கழுகு. அது எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. உணாவைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

பனியாற்று நாளில் ஹாலந்து அமெரிக்காவின் ஊழியர்கள் திறந்த தளத்துக்கே வந்து பட்டாணி சூப் வழங்குவார்கள். பச்சைப் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்த டச்சுக் கஞ்சி அது; கரண்டி நட்டால் நிற்கும் அளவு கெட்டி. பனிக்காற்றில் விரல் விறைத்து, கேமரா பொத்தானை அழுத்த முடியாமல் நிற்பவர் கையில் அந்தக் கோப்பை வந்து சேரும்போது நேர்வதை மெய்ப்பாட்டியலின் எட்டில் எதில் சேர்ப்பது என்பது ஆய்வுக்குரியது. உவகை என்பது நம் துணிபு. சைவர்கள் மட்டும் உவகைக்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்க: டச்சு மரபில் அந்தக் கஞ்சியில் பன்றித் தொத்திறைச்சி இடுவதுண்டு. மற்ற வேளை உணவுகளில் சொல்லத்தக்க பேதம் இல்லை. முதல் நாளே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லி வைத்தால் மறுநாள் பருப்பும் காய்கறியும் இரு கப்பலிலும் மேசைக்கு வரும். அதில் காரம் எதிர்பார்ப்பது பேராசை. ஊறுகாய்ப் புட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறவர்கள் அனுபவசாலிகள்.

மா என்னும் தலைப்பில் பிரின்சஸ் பழிக்குப் பழி வாங்குகிறது. ஸ்காக்வே துறைமுகத்தில் நிற்கும்போது சறுக்குவண்டி இழுக்கும் நாய்களின் குட்டிகளைக் கப்பலின் நடுக்கூடத்துக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். வரிசையில் நின்றால் ஒரு குட்டியைத் தடவிப் பார்க்கலாம். 1898 தங்க வேட்டையின் வரலாற்றைப் படித்துக்கொண்டு, வெள்ளைக் கணவாய் ரயிலுக்கு ஆயத்தமாகப் படியிறங்கிய பெரியவர்கள் பலர், குட்டிகளைக் கண்டு வரலாற்றை மறந்து வரிசையில் நின்றுவிடுகிறார்கள். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிரின்சஸுக்கு இன்னொரு பெருமை, நீச்சல் குளத்துக்கு மேலே தொங்கும் பெரிய திரை. நட்சத்திரங்களின் கீழ் சினிமா என்று அதற்குப் பெயர். போர்வையும் சோளப்பொரியும் தருவார்கள். ஜூன் பிற்பகுதியில் ஜூனோ நகரில் சூரியன் மறையவே இரவு பத்து மணி தாண்டும். கெச்சிக்கனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 அங்குலம் மழை. ஆகவே அலாஸ்காவில் இது பெரும்பாலும் மேகங்களின் கீழ் சினிமா. பெயரை மாற்றும்படி நாம் வற்புறுத்தவில்லை.

மரம் என்றது இங்கே தளத்தில் பாவிய தேக்கை. கட்சிக்காரர்கள் கவனிக்காமல் விடுவதும், இவ்வாய்வில் மிகுந்த எடை பெறுவதும் இதுதான். ஹாலந்து அமெரிக்கக் கப்பல்களில் கீழ்த்தளம் ஒன்று கப்பலை முழுதாகச் சுற்றி வரும். திறந்த வெளி, மேலே கூரை, கடல் பக்கத்தில் கைப்பிடி. ஏறத்தாழ மூன்று சுற்று ஒரு மைல். விடியற்காலையில் கழுத்தில் மப்ளர் சுற்றிய பெரியவர்கள் அதில் வலம் வருவதைப் பார்த்தால் மார்கழி மாதத்துக் கோயில் பிராகாரம் நினைவுக்கு வரும். பிரின்சஸின் ராயல் வகைப் புதுக் கப்பல்களில் இந்த முழுச்சுற்று இல்லை. அதற்குப் பதிலாக, கப்பல் விளிம்பிலிருந்து 28 அடி வெளியே நீட்டிக்கொண்டு, நீருக்கு 128 அடி மேலே தொங்கும் கண்ணாடித் தரை நடைபாதை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒருமுறை நடந்து படமெடுத்துக்கொள்ளலாம். தினமும் நடந்தால் இரத்த அழுத்தத்துக்கு அது மருந்தாகாது. கோரல் பிரின்சஸ் போன்ற பழைய கப்பல்களில் முழுச்சுற்று உண்டு என்பதையும் நடுநிலை கருதிக் குறித்து வைக்கிறோம்.

உரிப்பொருளுக்கு வருவோம். அலாஸ்காக் கப்பலுக்கு உரியது ஊடல். பால்கனி அறை எடுப்பதா, சன்னல்கூட இல்லாத உள்ளறை எடுப்பதா என்பதில் தொடங்கி, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் முற்றும். வடக்கே ஒருவழிப் பயணம் போகிறவர் வலப்பக்கம் எடுக்க வேண்டும், கரை அந்தப் பக்கம் என்பர் ஒரு சாரார். உள்வழிக் கால்வாயில் இரு பக்கமும் கரைதானே என்பர் மற்றொரு சாரார். இவ்விவாதத்தில் கழிந்த இரவுகளுக்கு விடையாகக் கேப்டன் ஒரு காரியம் செய்கிறார். மார்ஜரி பனியாற்றின் முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று, கப்பலை நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பி, இடப்பக்கத்தார்க்கும் வலப்பக்கத்தார்க்கும் சமமாகக் காட்டிவிட்டுப் புறப்படுகிறார். ஹாலந்து அமெரிக்கக் கேப்டனும் அப்படியே, பிரின்சஸ் கேப்டனும் அப்படியே. உள்ளறைக்காரர் போர்வையோடு மேல்தளத்தில் நின்று, பால்கனிக்குக் கொடுக்காத பணத்தையும் சேர்த்து நினைத்து, எல்லோரையும்விடக் கூடுதலாக ரசிக்கிறார்.

அற்றேல், இரண்டும் ஒன்றே, ஆய்வு வீண் எனின், அற்றன்று. ஒத்த இரண்டு பேரீச்சம்பழங்கள் முன்னே இருந்தால் பசித்தவன் காரணம் தேடிக்கொண்டு நிற்கமாட்டான், ஒன்றை எடுத்துத் தின்பான் என்று 11ஆம் நூற்றாண்டிலேயே இஸ்லாமிய அறிஞர் கஜாலி வாதிட்டார். அவர் காலத்தில் பழங்களுக்குச் சலுகை விலை அறிவிக்கும் முகவர்கள் இல்லை. 1929இல் ஹரால்டு ஹோட்டெலிங் என்ற பொருளியலார், போட்டியிடும் இரு வணிகர்கள் வாடிக்கையாளரைத் தேடி நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஒரே இடத்தில் அருகருகே வந்து நிற்பார்கள் என்று காட்டினார். போட்டியாளர்களே அப்படியென்றால், ஒரு முதலாளியின் இரு பிள்ளைகள் ஒத்திருப்பதில் வியக்க ஒன்றுமில்லை. இரு கட்சியாரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியவை கப்பலும் தேதியும். இதற்கும் ஒரு நூற்பா:

கொடியினும் பெரிதே கலத்தின் அளவே
கலத்தினும் பெரிதே பனியாற்று வழியே.

இதன் பொருள்: ஹாலந்து அமெரிக்காவின் நியூ ஆம்ஸ்டர்டாமில் 2,106 பேர் போகலாம். ராயல் பிரின்சஸில் 3,560 பேர். இந்த ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர்தான் உண்மையான வேறுபாடு. இவர்கள் காலைச் சிற்றுண்டிக்கு முன்னால் நிற்பார்கள், லிஃப்டில் நிற்பார்கள், படியிறங்கும் வரிசையில் நிற்பார்கள். ஸ்காக்வேயில் ஆண்டு முழுதும் குடியிருப்பவர் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பெரிய கப்பல் வந்து நின்றால் ஊரைப்போல் மூன்று மடங்கு சனம் ஒரே தெருவில் இறங்கும். ஜூனோ நகரத்தார் தாங்கமாட்டாமல், 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். பனியாற்றின் முன்னால் கூட்டம் உறுத்தாது. கழிவறை வாசலில் உறுத்தும்.

அடுத்து வழி. இரு நிறுவனங்களின் எல்லாப் பயணங்களும் கிளேசியர் பேக்குப் போவதில்லை. சில ஹப்பர்ட் பனியாற்றுக்குப் போகும், சில வேறு கடற்கிளைகளுக்குள் நுழைந்து திரும்பும். விளம்பரத் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே நீலப் படம்தான் போட்டிருக்கும். நாள்வாரிப் பட்டியலை விரல் வைத்துப் படித்து, கிளேசியர் பே என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கடமை.

தீர்ப்பு வருமாறு. உங்களுக்கு லீவு கிடைக்கும் வாரத்தில் கிளேசியர் பே யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போங்கள். இருவரிடமும் இருந்தால் சிறிய கப்பலை எடுங்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நாய்க்குட்டிக்காக இவ்விதியைத் தளர்த்திப் பிரின்சஸில் போகலாம். காலையில் நடக்கும் பெற்றோரை அழைத்துப் போவதானால் ஹாலந்து அமெரிக்கா. இதில் மேல்முறையீடு இல்லை.

கடைசியாக, இரு கட்சியாரும் சண்டை மும்முரத்தில் மறந்துவிடும் ஒன்று. இரண்டுமே அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள். ஹாலந்து அமெரிக்காவுக்கு நெதர்லாந்துக் கொடி, பிரின்சஸுக்குப் பெரும்பாலும் பெர்முடாக் கொடி. அத்தகைய கப்பல் அமெரிக்கத் துறையில் ஏற்றிய பயணியை நடுவே அயல்நாட்டுத் துறை எதையும் தொடாமல் அமெரிக்கத் துறையில் இறக்கக் கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் சியாட்டிலில் புறப்பட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள் கடைசி நாள் இரவில் கனடாவின் விக்டோரியா துறையில் சில மணி நேரம் நின்று வருகின்றன. அந்தச் சில மணி நேரத்துக்காக, கரையில் கால் வைக்காவிட்டாலும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்கக் கிரீன் கார்டு உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு இருக்காது. எனவே கப்பல் எதுவென்று முடிவாகும்வரை காத்திராமல், அவர்களுடைய விசா விண்ணப்பத்தை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.